சோபாவுக்குள் பீன்ஸ்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி பதினான்கு நிமிடத்துக்கு நான் ஒரு மாபெரும் முடிவு எடுத்தேன். நிமிடக் கணக்குகூட ஞாபகம் இருக்கிறதா என்று கேட்காதீர்கள். நான் பேருந்துப் பணிமனையில் நேர அட்டவணை போடுகிறவன். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும் என்று எழுதுவது என் பிழைப்பு. வண்டிகள் அதன்படி ஓடுவதில்லை என்பது வேறு விஷயம். அது ஓட்டுநர்களின் பிழைப்பு.

முடிவுக்குக் காரணம் பீன்ஸ்.

டிவி ரிமோட்டைக் காணோம். சோபா இடுக்கில் கையை விட்டேன். மெத்தைக்குள் என்னமோ மொறுமொறுவென்று தட்டுப்பட்டது. ஜிப்பை இழுத்துத் திறந்தேன். உள்ளே ஒரு காய்கறிக் கடையே செத்துக் கிடந்தது. சுருண்டுபோன பீன்ஸ். கறுத்துப்போன கேரட். ஒரு காலத்தில் முட்டைகோஸாக வாழ்ந்திருக்கக்கூடிய ஏதோ ஒன்று. மூன்று வாரத்துச் சாப்பாடு. அதன்மேல் உட்கார்ந்துதான் நான் தினமும் செய்தி பார்த்து, நாடு எங்கே போகிறது என்று கவலைப்பட்டிருக்கிறேன்.

"இங்க வந்து பாரு!" என்று அலறினேன்.

மனைவி டீயை உறிஞ்சிக்கொண்டே வந்தாள். பார்த்தாள். இன்னொரு வாய் உறிஞ்சினாள்.

"ஓ, இப்ப சோபாவா? போன மாசம் பூந்தொட்டில போட்டுட்டு இருந்தாங்க."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"செடி நல்லா வந்துச்சுங்க. அதான் விட்டுட்டேன்."

"யாரு பண்றது? சின்னவனா?"

"பீன்ஸ் சின்னவன். கேரட் பெரியவ. ஆளுக்கொரு இலாகா."

என் மனைவியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அவள் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிறவள். ஊசி உள்ளே போவதும் தெரியாது, வெளியே வருவதும் தெரியாது. "என்னம்மா, எப்ப எடுப்பீங்க?" என்று கேட்கிறவர்களிடம், "எடுத்தாச்சு, கிளம்புங்க" என்பாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. வீட்டிலும் அதே தொழில்தான் நடக்கிறது என்று எனக்குப் புரிய அத்தனை வருஷமும் போதவில்லை.

பெரியவளுக்குப் பத்து வயசு. சின்னவனுக்கு ஆறு. போன வாரம் பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்தில் சின்னவன் பாதி தூரத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டான். ஏண்டா என்று கேட்டதற்கு, "கால் போதும்னு சொல்லுச்சுப்பா" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவன் என் தோளில் தூங்கிக்கொண்டு வந்தது எனக்குப் பிடிக்கவில்லை. மனைவி அவன் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தாள். பயப்பட ஒன்றும் இல்லை, கொஞ்சம் இரும்புச்சத்து குறைவு, கீரையும் காயும் ஒழுங்காக உள்ளே போனால் சரியாகிவிடும் என்றாள்.

கீரையும் காயும் உள்ளேதான் போயிருக்கிறது. சோபாவுக்குள்ளே.

அப்போதுதான் அந்த முடிவு. எதிரே கிடந்த பழைய பத்திரிகையில் ஒரு கட்டுரை படித்திருந்தேன். பாதிதான் படித்தேன். மீதிப் பக்கத்தை யாரோ சன்னல் துடைக்கக் கிழித்துவிட்டார்கள். பிள்ளைகளைச் சமையலில் சேர்த்துக்கொண்டால் அவர்கள் சமைத்ததை அவர்களே ஆசையாகச் சாப்பிடுவார்கள் என்று அந்தப் பாதியில் இருந்தது. எப்படிச் சேர்த்துக்கொள்வது என்பது சன்னலோடு போய்விட்டது.

"தப்பு பிள்ளைங்க மேல இல்ல" என்றேன். "நம்ம மேல."

"நம்ம மேலன்னா?"

"உன் மேலன்னு சொல்ல வேண்டாம்னு பாத்தேன்."

"சொல்லுங்க, சொல்லுங்க."

"நீ ஒரு ஆளா சமைக்கிற. ஒரு ஆளா பரிமாறுற. பிள்ளைங்களுக்கு அது யாரோ கொண்டுவந்து கொட்டுற சரக்கு. அவங்களே கழுவி, அவங்களே நறுக்கி, அவங்களே வதக்கினா தட்டை வழிச்சுச் சாப்பிடுவாங்க. எல்லாத்துக்கும் ஒரு திட்டம் வேணும். ஒரு அட்டவணை வேணும்."

"அதெல்லாம் எனக்கு வராதுங்க" என்றாள், மிகவும் வருத்தமாக. "நீங்க வேணா பண்ணிப் பாக்குறீங்களா?"

இப்படிக் கேட்டால் ஆண்பிள்ளை என்ன சொல்வான்? சொன்னேன். "ஒரு வாரம். திங்கள்லேருந்து ஞாயிறு. சாயங்காலம் நீ சமைக்கிற நேரம், ஆறுலேருந்து எட்டு. நீ அடுப்படிப் பக்கம் எட்டிப் பாக்கக் கூடாது."

"பாக்கல."

"பிள்ளைங்க காய்கறியைத் தானா கேட்டு வாங்கி, ரெண்டாந்தரம் போட்டுச் சாப்பிட்டா நான் ஜெயிச்சேன்."

"ஜெயிச்சா உங்களுக்கு என்ன வேணும்?"

நான் யோசிக்கவே இல்லை. பன்னிரண்டு வருஷமாக மனசில் இருந்ததுதான். "வெளி மனுஷங்க முன்னாடி, 'நீங்க சொன்னதுதான் சரி'ன்னு நீ உன் வாயால சொல்லணும்."

அவள் உடனே தலையாட்டினாள். அவ்வளவு சீக்கிரம் தலையாட்டுகிறவள் இல்லை அவள். நான் அதைக் கவனித்திருக்க வேண்டும். நான் ரிமோட்டைத் தேடிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் பதினேழு வண்டிகளின் நேரத்தை மாற்ற வேண்டியிருந்தது. ஒன்றையும் மாற்றவில்லை. நாள் முழுக்க உட்கார்ந்து சமையல் அட்டவணை போட்டேன். ஆறு மணி: கை கழுவுதல். ஆறு மூன்று: கேரட் கழுவுதல். ஆறு ஏழு: தோல் சீவுதல், சின்னவன். ஆறு ஏழு: பீன்ஸ் நறுக்குதல், பெரியவள். ஆறு இருபது: அடுப்பு, நான். ஏழு ஐந்து: சூப் மேசைக்கு வந்து சேரும். அழகாகக் கோடு போட்டு, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன்.

ஆறு மூன்றுக்குக் கழுவ வேண்டிய கேரட் ஆறு இருபதுக்கும் குழாயடியில் குளித்துக்கொண்டிருந்தது. சின்னவன் அதற்குச் சோப்புப் போடலாமா என்று கேட்டான். பெரியவள் ஒவ்வொரு பீன்ஸையும் பக்கத்தில் வைத்து அளந்து, ஒரே நீளத்துக்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் அடுப்புக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவே நடந்தேன். ஃப்ரிட்ஜுக்கும் குழாய்க்கும் நடுவே நடந்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன். மறுபடியும் நடந்தேன். கூடத்தில் மனைவி காலை நீட்டிப் போட்டுக்கொண்டு ஏதோ புத்தகம் படித்தாள். பக்கம் திருப்பும் சத்தம் மட்டும் வந்தது. நான் எதையாவது கீழே போடும்போதெல்லாம் ஒரு பக்கம் திரும்பியது.

"எங்கடா கேரட்?"

சின்னவன் முன்னால் தோல் மலைபோலக் குவிந்திருந்தது. அவன் கையில் தீக்குச்சி மாதிரி ஒன்று.

"சீவச் சீவத் தோலாவே வருதுப்பா. உள்ள கேரட் இருக்கும்னுதான் நானும் பாக்கறேன்."

அன்றைக்கு சூப்பில் உப்பை நான் போட்டேன். நான் போட்டது தெரியாமல் பெரியவள் போட்டாள். அட்டவணையில் 'உப்பு' என்று மட்டும் இருந்ததால் சின்னவனும் போட்டான். எட்டே முக்காலுக்கு நால்வரும் ரொட்டியில் வெண்ணெய் தடவிச் சாப்பிட்டோம். மனைவி தண்ணீர்ச் சொம்பை என் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை நான் நேர்வழியை விட்டுவிட்டேன். கீரையை மிக்ஸியில் அரைத்து முட்டையில் கலந்துவிட்டால் யாருக்குத் தெரியும்? பச்சை ஆம்லெட். "டைனோசர் ஆம்லெட்டுடா" என்று சொல்லிக்கொள்ளலாம். பிள்ளைகளை அட்டவணைப்படி முட்டை உடைக்க விட்டுவிட்டு, முதுகால் மறைத்துக்கொண்டு கீரையை மிக்ஸியில் திணித்தேன். அவசரம். ஆறு பத்துக்கு முடிக்க வேண்டியது, ஆறு பன்னிரண்டு ஆகிவிட்டது. பொத்தானை அழுத்தினேன்.

மூடி போடவில்லை.

கீரை கூரைக்குப் போய்விட்டது. கூரையிலிருந்து மெதுவாக என் தலைக்கு வந்தது. பிள்ளைகள் ஒரு நிமிடம் ஆவென்று பார்த்தார்கள். பிறகு சின்னவன் சொன்னான். "அப்பா, இன்னொரு தடவை!"

சத்தம் கேட்டு எதிர்வீட்டுப் பூட்டுக்காரர் ஓடி வந்தார். நல்ல மனுஷர். ஊரில் உள்ள எந்தப் பூட்டையும் திறந்துவிடுவார். தன் வாய்க்கு மட்டும் ஒரு பூட்டுப் போட அவருக்குத் தெரியாது.

"என்ன சார், வீட்டுக்குள்ள மழையா?"

"சமையல்."

"யாரு, நீங்களா? அம்மாவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்காங்க. கூடத்துல இருக்காங்க."

அவர் கூடத்தை எட்டிப் பார்த்தார். மனைவி பக்கம் திருப்பிக்கொண்டே, "வாங்கண்ணே, உக்காருங்க. பிள்ளைங்க சாப்பாட்டு விஷயத்தைச் சார் கையில எடுத்திருக்கார்" என்றாள்.

"கையில மட்டும் இல்லம்மா. தலையிலயும் எடுத்திருக்கார்" என்றார் பூட்டுக்காரர். மறுநாள் காலைக்குள் கட்டடம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. லிஃப்டில் முன்பின் தெரியாத ஒரு அம்மாள் என் காதோரத்தைக் காட்டி, "இன்னும் கொஞ்சம் பச்சை இருக்கு" என்றாள்.

புதன்கிழமை பிள்ளைகள் அடுப்படிக்கே வரவில்லை. ஆறு மணி. ஆறு ஐந்து. ஆறு பதினைந்து. நான் போய்ப் பார்த்தால் இரண்டும் கட்டிலுக்கு அடியில் படுத்திருந்தன.

"வெளிய வாங்க. முட்டைகோஸ் காத்துக்கிட்டு இருக்கு."

"வரல."

"ஏன் வரல? பிள்ளைங்க சமைச்சா பிள்ளைங்க சாப்பிடும்னு பத்திரிகைல போட்டிருக்கான்!"

"நாங்க எங்கப்பா சமைச்சோம்?" கட்டிலுக்கு அடியிலிருந்து பெரியவளின் குரல் வந்தது. "நீங்க சமைக்கிறீங்க. நாங்க வரிசைல நிக்கிறோம். கத்தியை எடுத்தா 'சீக்கிரம்'ங்கறீங்க. கீழ வெச்சா 'ஏன் வெச்சே'ங்கறீங்க. என்ன சமைக்கலாம்னு எங்ககிட்ட ஒரு தடவையாச்சும் கேட்டீங்களா?"

"எனக்குக் கடிகாரம் பாக்கத் தெரியாதுப்பா" என்றான் சின்னவன். குரல் ஒரு மாதிரி இருந்தது. "ஆறு ஏழுன்னா எப்பன்னே எனக்குத் தெரியல. நீங்க திட்டுவீங்கன்னுதான் சீவிக்கிட்டே இருந்தேன்."

நான் கட்டில்மேல் உட்கார்ந்தேன். எழுந்தேன். மறுபடியும் உட்கார்ந்தேன். கேரட் தீக்குச்சியான கதையை அன்று பணிமனை முழுக்கச் சொல்லிச் சிரித்திருந்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

கூடத்துக்குப் போய், "விட்டுடலாம்னு பாக்கறேன்" என்றேன்.

மனைவி புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், "அதனால என்னங்க, பரவால்ல" என்றாள். "உங்களால முடியாதுன்னு எனக்குத் தெரியும். நாளைக்கு நானே செஞ்சுடறேன். நீங்க பாவம், போய்ச் செய்தி பாருங்க."

அவள் திட்டியிருந்தால் விட்டிருப்பேன். 'பாவம்' என்றாளே, அதுதான் தாங்கவில்லை. நேராகப் போய் ஃப்ரிட்ஜ் கதவிலிருந்த அட்டவணையைக் கிழித்தேன். கைக்கடிகாரத்தைக் கழற்றி முட்டை வைக்கும் தட்டில் போட்டேன். கட்டிலுக்கு அடியில் குனிந்தேன்.

"சரி. என்ன சமைக்கலாம்? நீங்க சொல்லுங்க."

உள்ளே குசுகுசுவென்று பேச்சு நடந்தது. பிறகு பெரியவளின் தலை மட்டும் வெளியே வந்தது. "முதல்ல கடைக்குப் போகணும். நாங்கதான் எடுப்போம். நீங்க கூடையைத் தூக்கிட்டு வந்தாப் போதும்."

வியாழக்கிழமை காய்கறிச் சந்தைக்குப் போனோம். கூடையைத் தூக்கினேன். பெரியவள் ஒவ்வொரு தக்காளியையும் மோந்து பார்த்தாள். கத்தரிக்காயை அழுத்திப் பார்த்தாள். கடைக்காரரிடம், "வெள்ளரிக்காய் கசக்குமா, கசக்காதா, எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டாள். கூட்டத்துக்கு நடுவிலும் அந்த மனிதர் ஒரு துண்டு நறுக்கிக் கையில் கொடுத்தார். தின்றாள். இரண்டு மாதத்தில் என் கண்ணெதிரே அவள் தின்ற முதல் காய் அது. நான் வேறெங்கோ பார்ப்பதுபோல நின்றேன்.

சின்னவன் ஒரு மஞ்சள் பூசணிக்காயின் முன்னால் நின்றுவிட்டான். அவன் தலையைவிடக் கொஞ்சம் பெரிசு. ஒரு பக்கம் சப்பை. உச்சியில் வளைந்த காம்பு.

"இவன்தான்" என்றான்.

அவனே அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தான். மூன்று தடவை கீழே வைத்து மூச்சு வாங்கினான். நான் வாங்கிக்கொள்கிறேன் என்றால் தரவில்லை. வீட்டுக்கு வந்ததும் அதைக் குளிப்பாட்டினான். பேனாவால் இரண்டு கண் வரைந்தான். 'குண்டு' என்று பெயர் வைத்தான். சாப்பாட்டு மேசையில் அதற்கு ஒரு நாற்காலி போட்டான்.

வெள்ளிக்கிழமை வந்தது சிக்கல். பெரியவள் கத்தியோடு நின்றாள். "இன்னிக்குப் பூசணி சூப்."

சின்னவன் குண்டுவின்மேல் படுத்துக்கொண்டான். "இவன் என் தம்பி!"

"தம்பியாவது! இது காய்டா!"

"உன்னை வெட்டினா நீ சும்மா இருப்பியா?"

"அப்பா, சொல்லுங்கப்பா அவன்கிட்ட!"

"அப்பா, சொல்லுங்கப்பா அவகிட்ட!"

எனக்கு வழக்கமான பரபரப்பு வந்தது. மணியைப் பார்த்தேன். மணிக்கட்டில் வெறும் வெள்ளைக்கோடு. வேறு வழி இல்லாமல் தரையில் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கூடத்தில் பக்கம் திரும்பும் சத்தம் நின்றிருந்தது.

"தம்பியை வெட்ட வேண்டாம்டா" என்றேன். "ஆனா உள்ள யாரு இருக்காங்கன்னு கேட்டுப் பாத்தியா?"

சின்னவன் காதை வைத்தான். விரலால் தட்டினான். டொக் டொக்.

"ஆள் இருக்கு" என்றான் ரகசியமாக.

"நிறைய பேர் இருப்பாங்க. இருட்டுல. கதவு இல்லாம."

ரொம்ப நேரம் யோசித்தான். நான் அவசரப்படுத்தவில்லை. என் வாழ்நாளில் நான் செய்த பெரிய காரியங்களில் அது ஒன்று. கடைசியில், "மெதுவா வெட்டணும். நான் கையைப் பிடிச்சுக்குவேன்" என்றான். என் கைமேல் அவன் கையை வைத்து இருவருமாகக் கத்தியை அழுத்தினோம். குண்டு பிளந்தது. உள்ளே மஞ்சளுக்கு நடுவே விதைகள். வழுவழுவென்று, கைநிறைய.

"அப்பா! குண்டுவுக்கு எத்தனை பிள்ளைங்க!"

எண்ணினோம். நூற்று எழுபத்திரண்டு. பெரியவள் ஒன்று அதிகம் என்றாள். மறுபடி எண்ணினோம். சூப் எத்தனை மணிக்கு மேசைக்கு வந்தது என்று கேட்டால் சத்தியமாக எனக்குத் தெரியாது. வந்தபோது பாதிதான் வந்தது. ஏனென்றால் சின்னவனை உப்புப் பார்க்கச் சொல்லியிருந்தேன்.

"சரியா இருக்காடா?"

"இன்னும் தெரியலப்பா" என்று இன்னொரு கரண்டி எடுத்தான்.

"இப்ப?"

"கொஞ்சம் சந்தேகமா இருக்கு." இன்னொரு கரண்டி.

தட்டில் வைத்தால் தொடாத பிள்ளை, நின்ற நிலையில் சட்டியில் பாதியை ருசி பார்த்தே தீர்த்துவிட்டான். பெரியவள் வெள்ளரிக்காயையும் தக்காளியையும் நறுக்கி எலுமிச்சை பிழிந்தாள். கேரட்டைத் தானே துருவி அதன்மேல் தூவினாள். "கேரட் வேக வெச்சாதாம்பா பிடிக்காது. பச்சையா பிடிக்கும்" என்றாள்.

"இதை ஏம்மா இத்தனை நாளா சொல்லல?"

"யாரு கேட்டாங்க?"

சனிக்கிழமை அவர்கள் என்னை அடுப்பைவிட்டுத் தள்ளி நிறுத்திவிட்டார்கள். கூப்பிட்டால் வரலாம், கொதிக்கிற பாத்திரத்தை இறக்கலாம், அவ்வளவுதான். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. குறுக்கும் நெடுக்குமாக நடந்தேன். ஒரு நாள் பாக்கி. நாளைக்கு மட்டும் சாப்பிட்டுவிட்டால் போதும். கண்ணாடி முன்னால் நின்று, மனைவி அந்த வாக்கியத்தைச் சொல்லும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று பழகிப் பார்த்தேன். பெருந்தன்மை, கொஞ்சம் அலட்சியம்.

ஞாயிற்றுக்கிழமை பூட்டுக்காரரை நடுவராகக் கூப்பிட்டேன். ஊருக்கே சொல்லக்கூடிய ஆள் வேண்டுமே. மேசையில் குண்டுவின் மீதிப் பாதி சூப்பாகியிருந்தது. முட்டையோடு வதக்கிய பீன்ஸ். கீரை போட்ட பருப்பு. வெள்ளரி, தக்காளி, துருவிய கேரட். ஓரத்தில் ஒரு கிண்ணத்தில் வறுத்த பூசணி விதை. மிச்ச விதைகள் சன்னலோரத் தொட்டியில் மண்ணுக்குள் இருந்தன. மனைவி அந்த வாரத்தில் முதல் தடவையாகப் புத்தகத்தை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

சின்னவன் சூப்பைக் குடித்தான். கிண்ணத்தை நீட்டினான். "இன்னும்."

நான் பூட்டுக்காரரைப் பார்த்தேன். "குறிச்சுக்கோங்க சார்."

பெரியவள் பீன்ஸை இரண்டாந்தரம் போட்டுக்கொண்டாள். சின்னவன் கீரைப் பருப்பை வழித்தான். "கீரையை நான்தான் கிள்ளினேன். நீங்க சாப்பிடுங்க மாமா" என்று பூட்டுக்காரருக்கும் அள்ளிப் போட்டான். அவர் வாயே திறக்கவில்லை. வாய் நிறையச் சாப்பாடு இருந்தது.

பிறகு சின்னவன் என் தட்டைப் பார்த்தான். "அப்பா, நீங்க ஏன் பீன்ஸை ஓரமா ஒதுக்கி வெச்சிருக்கீங்க?"

எல்லாரும் என் தட்டைப் பார்த்தார்கள். எனக்கு பீன்ஸ் பிடிக்காது. சின்ன வயசிலிருந்தே பிடிக்காது. அது என் சொந்த விஷயம்.

"ஒதுக்கலடா. கடைசியா சாப்பிடலாம்னு வெச்சிருக்கேன்."

"நானும் அப்படித்தான் சொல்வேன். அப்புறம் சோபாவுக்குப் போவேன்" என்றான்.

தின்றேன். ஒவ்வொன்றாகத் தின்றேன். அத்தனை மோசமில்லை. அதை நான் யாரிடமும் ஒப்புக்கொள்ளப் போவதில்லை.

மனைவி எழுந்து நின்றாள். கையைத் துடைத்துக்கொண்டாள். பூட்டுக்காரரைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்து, தெளிவாக, நிறுத்தி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"நீங்க. சொன்னதுதான். சரி."

பன்னிரண்டு வருஷம்! எனக்குக் கண் கலங்கிவிட்டது. "கேக்கல" என்றேன். "இன்னொரு தடவை."

"நீங்க சொன்னதுதான் சரிங்க. பிள்ளைங்க சாப்பிடாம இருந்ததுக்குக் காரணம் நான் சமைச்சதுதான்."

"அப்படியெல்லாம் முழுசா சொல்ல வேண்டாம்..." என்றேன் பெருந்தன்மையாக.

"இல்லைங்க, உண்மையை ஒத்துக்கணும். நான் சமைச்சா சோபாவுக்குப் போகுது. நீங்க சமைச்சா வயித்துக்குப் போகுது. அண்ணனே பாத்துட்டார். தெரிஞ்சே நான் இனிமே அந்தத் தப்பைப் பண்ணலாமா? சின்னவன் உடம்பு என்னத்துக்கு ஆகும்?"

எங்கேயோ ஒரு தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது போலிருந்தது.

"இல்ல... ஒரு வாரம்னுதானே..."

"ஏம்ப்பா, நாளைக்கும் உண்டுதானே?" என்றாள் பெரியவள். "கத்தரிக்காயைச் சுட்டுப் பாக்கலாம்னு இருக்கேன்."

"நாளைக்கு நான் ரெண்டு சட்டியிலயும் உப்புப் பாப்பேன்!" என்றான் சின்னவன். அவன் கன்னத்தில் சூப். நாள் முழுக்க ஓடியாடியும் அவன் கால் இன்னும் போதும் என்று சொல்லியிருக்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்து எந்த அப்பன் முடியாது என்பான்?

மனைவி உள்ளே போய் ஒரு அட்டையை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். நீச்சல் குளத்து உறுப்பினர் அட்டை. பெரியவர்களுக்கான பயிற்சி. தினமும் சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு. வகுப்பு நாளை ஆரம்பம். அவள் போட்டோ. போட்டோவில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனையோ வருஷமா நீச்சல் கத்துக்கணும்னு ஆசைங்க. நேரமே கிடைக்கல. இப்பத்தான் கடவுள் கண்ணைத் திறந்தார்."

பதிவு செய்த தேதியைப் பார்த்தேன். என் தொழிலே தேதியும் நேரமும் பார்ப்பது. நான் சோபாவைத் திறந்த ஞாயிற்றுக்கிழமைக்கு நான்கு நாள் முந்தின தேதி.

"இது... இது அதுக்கு முன்னாடியே..."

"இடம் கிடைக்கிறது கஷ்டமாம். முன்கூட்டியே சொல்லி வெச்சேன்."

பூட்டுக்காரர் அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முப்பது வருஷ அனுபவத்தோடு தலையை ஆட்டினார்.

"சார், நான் எத்தனையோ பூட்டு பாத்திருக்கேன். இதுக்குச் சாவியே கிடையாது" என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் பருப்பு போட்டுக்கொண்டார்.

மறுநாள் திங்கட்கிழமை. பணிமனையிலிருந்து ஓடி வந்தேன். பெரியவள் கத்தரிக்காய்க்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். சின்னவன் முக்காலியில் ஏறி நின்று, இரண்டு கையிலும் கரண்டியோடு தயாராக இருந்தான். ஆறு மணி ஆகப் பத்து நிமிடம் இருக்கும்போது மனைவி தோளில் துண்டும் கையில் பையுமாக வாசலில் செருப்பு மாட்டினாள். பன்னிரண்டு வருஷத்தில் இவ்வளவு துள்ளலாக அவள் படியிறங்கி நான் பார்த்ததில்லை.

பாதிப் படியில் நின்று திரும்பினாள்.

"எட்டே காலுக்கு வந்துடுவேங்க. நீந்திட்டு வந்தா பசி தாங்காதாம். சாப்பாடு சூடா இருக்கட்டும்."

சூடு எனக்குத்தான் போடப்பட்டிருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது.